விபத்துப் பதிவேட்டில் சிஸ்டரின் பெயர்

அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஏ.ஆர். புத்தகம் என்று ஒன்று இருக்கும். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். வண்டியில் அடிபட்டவர், பூச்சிமருந்து குடித்தவர், வரப்புத் தகராறில் மண்டை உடைந்தவர் என்று போலீஸுக்குத் தகவல் போகவேண்டிய எல்லோருடைய பெயரும் அதில் ஏறும். எழுதுவது டாக்டர். பக்கத்தில் நின்று காயத்தைத் துடைத்து, வயது கேட்டு, அங்க அடையாளம் தேடிச் சொல்வது பெரும்பாலும் சிஸ்டர்தான்.

என் அக்கா 18 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஒரு விடியற்காலையில் அந்தப் புத்தகத்தில் அவள் பெயரும் ஏறியது. அறிமுகமற்ற ஒரு நபரால், கையால், அதிகாலை 2.40 மணியளவில் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார் என்று எழுதினார்கள். சம்பவ இடத்துக்கு நேராக அந்த மருத்துவமனையின் பெயரே இருந்தது. அங்க அடையாளம் கேட்டபோது அவளுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. ஊர்ப்பட்ட பேரின் மச்சத்தையும் தழும்பையும் தேடிக் கண்டுபிடித்தவள், தன் உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தாளாம்.

ஆண்கள் மருத்துவ வார்டு அது. கட்டில் 40. அன்றைக்குத் தரையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் இன்னும் 11 பேர். இரவு டூட்டிக்கு 2 சிஸ்டர். ஒருத்தி ரத்தம் வாங்க ரத்த வங்கிக்குப் போயிருந்தாள். மூச்சுத் திணறலோடு முன்னிரவில் வந்து சேர்ந்த ஒரு பெரியவருக்கு 2 மணிக்கு மேல் இதயம் நின்றுவிட்டது. டூட்டி டாக்டரும் அக்காவும் மாறிமாறி நெஞ்சை அழுத்தினார்கள். உயிர் திரும்பவில்லை. அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து டாக்டருக்கு அழைப்பு. “சொந்தக்காரங்ககிட்ட நான் வந்து சொல்றேன் சிஸ்டர், நீங்க எதுவும் சொல்ல வேணாம்” என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

மருந்துக் கடைக்குப் போயிருந்த மகன் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அப்பாவுக்கு என்ன என்று கேட்டான். டாக்டர் இப்போது வந்துவிடுவார் தம்பி, அவர் சொல்வார் என்றாள் அக்கா. மறுபடியும் கேட்டான். அவள் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தது. இடது காதோடு சேர்த்து ஒரே அறை.

கீழே விழுந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் முதலில் செய்த காரியம், 17-ஆம் கட்டிலில் தீர்ந்துகொண்டிருந்த ட்ரிப்ஸை மாற்றியது. 5 மணிக்கு ரத்த மாதிரிகள் எடுத்து முடித்த பிறகுதான் கீழே போய்த் தன் காதைக் காட்டினாள். செவிப்பறை கிழிந்திருந்தது. தானாக ஆறிவிடும், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 7 மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுத்தாள். ஓவர் நோட்டில் ஒரு மரணம் இருந்தது, ரத்தம் ஏற்றியது இருந்தது, யாருக்குக் காலை ஊசி பாக்கி என்பது இருந்தது. அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த அறை அன்றோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். காது ஆறிவிட்டது. ஆனால் அடி அவள் வேலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கட்டிலுக்கு எந்தப் பக்கம் நிற்பது

முதலில் மாறியது அவள் நிற்கும் இடம். அதற்கு முன்னால் எந்தப் பக்கம் நரம்பு நன்றாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் போய் நின்று ட்ரிப்ஸுக்கான வென்ஃப்ளான் போடுவாள். இப்போது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போகமாட்டாள். வார்டின் நடைபாதை முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், தேவைப்பட்டால் ஓடிவிட வேண்டும் என்ற கணக்கு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுவதில்லை, இழுத்துவிடுவார்கள் என்று பையில் குத்திக்கொள்கிறாள். காதில் தொங்கட்டான் இல்லை. பாக்கெட்டில் எப்போதும் இருந்த கத்தரிக்கோல் ட்ரேக்குப் போய்விட்டது. பிளாஸ்திரி வெட்ட ஒவ்வொரு தடவையும் ட்ரே வரை நடக்கிறாள். அந்த நடைக்கு ஆகும் நேரம் யாரோ ஒரு நோயாளியின் நேரம்.

காது ஆறும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், பிரஷர் பார்க்கும்போது ஸ்டெத்தை இடது காதில் வைக்க முடியவில்லை. வார்டின் எலக்ட்ரானிக் மெஷின் ரிப்பேரில் கிடந்தது. ஒரே காதை வைத்துக்கொண்டு 50 பேருக்கு பிரஷர் பார்த்திருக்கிறாள். சந்தேகமாக இருந்தால் இரண்டு தடவை பார்த்தாளாம். இரண்டாவது தடவைக்கு நேரம் கிடைக்காத நாட்களில் என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

பேச்சும் குறைந்தது. உண்மையில் பெரிய நஷ்டம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துபோன பிறகு, “சிஸ்டர், அவர் இங்கிலீஷ்ல என்ன சொல்லிட்டுப் போறாரு?” என்று கேட்காத நோயாளி உண்டா? ஸ்கேன் எதற்கு, உப்பு ஏன் கூடாது, அப்பாவை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற எல்லாக் கேள்விக்கும் நம் ஊரில் பதில் சொல்லும் வாய் நர்ஸுடையது. அடி வாங்கிய நர்ஸ் அந்த வாயைக் கட்டிக்கொள்கிறாள். “எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேளுங்க.” தப்பாக ஒரு வார்த்தை சொல்லி மாட்டிக்கொள்வதைவிட அதுவே பத்திரம். கேட்டவருக்கோ, இந்த நர்ஸ் எரிந்து விழுகிறாள் என்று கோபம் ஏறுகிறது. அடுத்த சண்டைக்கு விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

செய்யப்படாமல் போகும் வேலைகளும் உண்டு. நினைவில்லாமல் கிடப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். வாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும். முழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கஞ்சி கொடுக்கவேண்டும். ஊசி போடவில்லை என்றால் கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும். இவை விட்டுப்போனால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கூச்சல் போடும் உறவினர்கள் சூழ்ந்த கட்டிலுக்குப் பக்கத்தில், பயந்துபோன ஒரு நர்ஸ் ஊசியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள். வார்டில் சண்டை போட்டவரின் அப்பாவுக்கே அந்தப் பராமரிப்பு குறைகிறது. பக்கத்துக் கட்டிலில் வாய் திறக்காமல் கிடப்பவருக்கும் குறைகிறது.

எத்தனை பேர்

அக்காவின் கதை அபூர்வம் இல்லை என்பதை அவளுடைய தோழிகளிடம் பேசினாலே தெரிந்துகொள்ளலாம். எண்களும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். பல நாடுகளில் நடந்த 253 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியான அலசலில் 3,31,544 பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வகை வன்முறையைச் சந்தித்தவர்கள் 61.9 சதவீதம், உடம்பில் அடி வாங்கியவர்கள் 24.4 சதவீதம். டாக்டர்கள், நர்ஸ்கள், மற்றவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. வார்டில் நாள் முழுக்க நோயாளியின் கையெட்டும் தூரத்தில் இருப்பது யார் என்று யோசித்தால், இந்த எண்ணிக்கை யார் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பெட் இல்லை என்று முடிவெடுப்பது நர்ஸ் கிடையாது. ஸ்கேனுக்கு நாளை மறுநாள்தான் தேதி, இந்த மருந்து ஸ்டாக் இல்லை, மதுரைக்கு எடுத்துப் போங்கள், போஸ்ட்மார்ட்டம் முடிந்துதான் உடலைத் தருவார்கள், இவை எதுவும் அவள் எடுத்த முடிவு கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் வந்து சொல்வது அவள் வாய். தனியார் மருத்துவமனையில் பில் கட்டவில்லை என்று டிஸ்சார்ஜை நிறுத்துவது அலுவலகம். ஆத்திரத்தோடு வரும் உறவினருக்குக் கண்ணெதிரே நிற்பது, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் 23 வயதுப் பெண். அங்கே அடி விழுந்தால் பல நேரம் மன்னிப்புக் கேட்கச் சொல்வதும் அவளைத்தான், வந்தவர் வாடிக்கையாளர் அல்லவா!

கை வைப்பது ஒருபுறம் என்றால், கண்ணாலும் வாயாலும் நடப்பது இன்னொருபுறம். ஊசி போட வரும்போது கையைப் பிடிக்கிறவன், இரவு 1 மணிக்குப் போன் நம்பர் கேட்கிற உறவினர், வீட்டில் சொல்லமுடியாத வசவுகள். நம் சினிமா நர்ஸை எப்படிக் காட்டிக் கைத்தட்டல் வாங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். சாதி கேட்டுத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றை ஏ.ஆர். புத்தகத்தில் எழுதக்கூட இடமில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி

நோயாளியே அடிப்பதும் உண்டு. அதை உறவினர் அடிப்பதோடு சேர்த்துப் பேசக்கூடாது என்று அக்கா உறுதியாகச் சொல்வாள். தமிழ்நாட்டு வார்டுகளில் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் மூன்றாம் நாள் ராத்திரி என்றால் புரியும். தினமும் குடிக்கிறவர் கால் முறிந்து வந்து சேர்கிறார். மருத்துவமனையில் சரக்கு கிடையாது. முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் சிலருக்கு மூளை குழம்பிப்போகிறது. சுவரில் பூச்சி ஊருகிறது என்பார்கள், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று அலறுவார்கள். ஊசி எடுத்து வரும் வெள்ளை உடைதான் அந்தக் கொலைகாரன். ட்ரிப்ஸைப் பிடுங்கி, ஸ்டாண்டைத் தூக்கி வீசுவார்கள்.

அவர் குற்றவாளி இல்லை. அது ஒரு நோய், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. சேரும்போதே “எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்ப குடிச்சீங்க?” என்று மிரட்டாமல் கேட்டு எழுதிக்கொண்டு, தயமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் நேரத்தில் தொடங்கினால் அந்த மூன்றாம் நாள் ராத்திரி பெரும்பாலும் வராமலே போகும். தலைக்காயம், சர்க்கரை இறங்குவது, முதியவர்களுக்கு உடம்பில் உப்பு குறைவது எல்லாமே மனிதனை இப்படி ஆக்கும். ஆனால் 51 பேருக்கு 2 பேர் இருக்கும் வார்டில் அந்தக் கேள்வியை யார், எப்போது நின்று கேட்பது?

இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறைப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்பில் போகிறவர்களுக்காக 30 சதவீதம் கூடுதல் ஆட்கள். அக்காவின் வார்டில் அன்றிரவு இருந்த கணக்கை மேலே சொன்னேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை லிண்டா எய்கன் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் நர்சிங் பேசுகிறவர்களுக்கு மனப்பாடம். ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. அடி வாங்கிய நர்ஸ் விடுப்பில் போனால், வேலையை விட்டால், லண்டனுக்கோ வளைகுடாவுக்கோ விமானம் ஏறினால், அந்தச் சுமை மிச்சமிருப்பவள் தலையில் விழுகிறது. அவளும் தனியாக நிற்கிறாள்.

அருணா

நர்ஸ் மீதான வன்முறை என்று பேசும்போது அருணா ஷான்பாகைத் தாண்டிப்போக முடியாது. கர்நாடகத்தின் ஹல்திபூரில் பிறந்து, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் வேலை பார்த்த 25 வயதுப் பெண். 1973 நவம்பர் 27 அன்று, டூட்டி முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், அதே மருத்துவமனையின் ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவள் கழுத்தை இறுக்கிக் கொடுமை செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அவள் நினைவு திரும்பாத நிலைக்குப் போனாள். அவனுக்குக் கொள்ளைக்கும் கொலை முயற்சிக்கும்தான் தண்டனை, 7 வருடம். பாலியல் கொடுமைக்கு வழக்கே இல்லை.

2011 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கருணைக்கொலை பற்றிய தீர்ப்பாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதில் மறக்கமுடியாதது வேறு. 37 வருடம் படுக்கையில் கிடந்தவளுக்கு ஒரு படுக்கைப்புண் இல்லை. புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்துவிட்டது, ஊட்டியது எல்லாம் அந்த மருத்துவமனையின் நர்ஸ்கள். அருணா தாக்கப்படுவதற்கு முன் அவளைப் பார்த்தே இராத, அதற்குப் பிறகு பிறந்த பெண்கள்கூட அந்த முறையில் சேர்ந்துகொண்டார்கள். 2015 மே 18-இல் அவள் இறந்தபோது பிள்ளைகளாக நின்றவர்களும் அவர்கள்தான். அந்த 42 வருடமும் அந்த அறைக்குள் போய்வந்த ஒவ்வொரு பெண்ணும் டூட்டி முடிந்து தனியாக உடை மாற்றப் போகும்போது என்ன நினைத்திருப்பாள்!

சட்டம் இருக்கிறது

தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டம், 48/2008 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 வருடம் வரை சிறை, ஜாமீன் எளிதில் கிடைக்காது. நர்ஸும் நர்சிங் மாணவியும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். கொரோனா காலத்தில், 2020-இல், தொற்றுநோய்ச் சட்டத்தை மத்திய அரசு திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. நாடு முழுவதற்குமாக 2019-இல் வரைவான தனிச் சட்டம் மட்டும் பாதியில் நின்றுபோனது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் கொல்லப்பட்ட பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரிலேயே புகார் கொடுக்கவேண்டும், அதற்குத் தலைவரே பொறுப்பு என்று மத்திய சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு அமைத்தது. அந்தக் குழுவுக்குப் பெயர் குறிப்பிட்டு அறிவிக்கப்பட்ட மருத்துவ நிபுணர்களில் நர்ஸ் ஒருவர்கூட இல்லை. அதே வருடம் நவம்பர் 13-இல் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். நாடே பேசியது, பேசவேண்டியதும்தான். கத்தி எடுத்தால் செய்தியாகிறது. கன்னத்தில் விழும் அறை ஓவர் நோட்டில்கூட ஏறுவதில்லை.

அக்காவின் புகார் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) கூப்பிட்டு விசாரித்தார். போலீஸ் வந்தது. அப்பாவை இழந்த பையன், பாவம், சமாதானமாகப் போய்விடலாமே என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பையன் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் அப்படிச் செய்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வார்டில் அந்த நேரத்தில் அவள் ஏன் தனியாக இருந்தாள் என்று அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. பையனை மன்னித்ததோடு அந்தக் கேள்வியையும் மூடிவிட்டார்கள். அதை என்னால் ஏற்கமுடியவில்லை.

புகார் கொடுக்கவே முடியாதவர்களும் உண்டு. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். நிரந்தரமாகும் பட்டியலில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று காத்திருக்கும் ஒருத்தி, பிரச்னை பண்ணுகிறவள் என்ற பெயரை வாங்கத் துணிவாளா?

கலிஃபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்பது 2004-இலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம். மருத்துவமனைகள் வன்முறைச் சம்பவங்களுக்கென்றே தனிப் பதிவேடு வைக்கவேண்டும் என்றும் பிறகு விதி வந்தது. யார் அடித்தார்கள் என்பதோடு அது நிற்காது. எந்த இடம், அடி வாங்கியவர் தனியாக இருந்தாரா, ஆள் குறைவாக இருந்ததா, உதவிக்கு யாரையாவது கூப்பிட முடிந்ததா என்றெல்லாம் எழுதவேண்டும். நம் ஏ.ஆர். புத்தகம் காயத்தின் நீள அகலத்தைக் கேட்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. மரணச் செய்தியை நடைபாதையில் வைத்துச் சொல்லாமல் ஓர் அறையில் உட்காரவைத்து, டாக்டர் நேரில் சொல்வது. அவர் வரும்வரை நர்ஸைக் காவலுக்கு நிறுத்தாமல் இருப்பது. ராத்திரியில் ரத்தம் வாங்க ஓடுவதற்கு வேறு ஆள் வைப்பது. இந்த மூன்றில் ஒன்று அன்றைக்கு நடந்திருந்தால்கூட அக்காவின் காது தப்பியிருக்கும். அந்தப் பையனுக்கும் அப்பா செத்த ராத்திரியில் ஒரு பெண்ணை அடித்தோம் என்ற நினைவு மிஞ்சியிருக்காது.

போன மாதம் அக்காவின் வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். 22 வயது, முதல் வேலை. அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அவளுக்கு ஆக்சிஜன் சாவியைக் காட்டினாள். எமர்ஜென்சி ட்ராலியில் எந்தத் தட்டில் எந்த மருந்து என்று சொன்னாள். டூட்டி டாக்டர் அறையின் நம்பரைச் சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் கழுத்திலிருந்து அடையாள அட்டையின் கயிற்றைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, கேஸ் ஷீட் அலமாரியின் மூன்றாவது தட்டைத் திறந்தாள்.

“இது பின்கதவுச் சாவி. ராத்திரி டூட்டிக்கு வந்தா முதல்ல இது இங்க இருக்கான்னு பாரு. அப்புறம் ஓவர் எடுக்கலாம்.”